வாப்பாமாரின் ஒட்டோமெட்டிக் மணிக்கூடும் அதைச் சுழற்றி வைக்கும் பெட்டியும்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு லீவு நாளில் வாசியுங்கள்.

அண்மைக் காலமாக நமது இளைஞர்கள் ஒன்லைனில் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். வொட்ச் வைண்டர் என்பார்கள். ஒட்டோமெட்டிக் மணிக்கூட்டை உள்ளே இருக்கும் சிறிய தலையணையில் கட்டி வைத்தால், ஒரு மோட்டார் அதை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கையில் கட்டாவிட்டாலும் மணிக்கூடு நிற்காது. பார்க்க அழகான பொருள்தான்.

ஆனால் அதற்குள் அவர்கள் வைப்பது என்ன? பெரும்பாலும் வாப்பா ஸஊதியிலிருந்தோ குவைத்திலிருந்தோ கொண்டு வந்த பழைய சீக்கோ ஃபைவ். பல வருடம் அலுமாரிக்குள், உம்மாவின் சாரிகளுக்கு நடுவில் கிடந்த ஒன்று. ஆட்டிப் பார்த்தால் ஓடுகிறது. உடனே சந்தோஷத்தில் பெட்டி வாங்கி, இரவு பகலாகச் சுழல விடுகிறார்கள். பாசத்தில் செய்கிற காரியம், அதனால் ஏச மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: நாற்பது வருடம் தப்பிப் பிழைத்த மணிக்கூடு இந்தப் பெட்டிக்குள்தான் வேகமாகத் தேய்கிறது. ஏன் என்று விளங்க, மணிக்கூடு எதற்காகத் தானாக முறுக்கிக்கொள்ளத் தொடங்கியது என்ற கதைக்குப் போக வேண்டும்.

கதை 1770களில், சுவிட்சர்லாந்தின் லு லொக்ல் என்ற மலை ஊரில் தொடங்குகிறது. அங்கே ஆபிரஹாம் லூயி பெரலே என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி, நடக்கும்போது ஏற்படும் குலுக்கத்தாலேயே ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும் ஒரு பொக்கெட் மணிக்கூட்டைச் செய்தார். 15 நிமிடம் நடந்தால் 8 நாள் ஓடும் என்று 1777இல் ஜெனீவாவின் கலைச் சங்கம் அதைப்பற்றி எழுதி வைத்திருக்கிறது. மறுவருடமே பெல்ஜியத்தின் லியெஜ் நகரத்து ஹூபேர் சார்ட்டோன் தனது அமைப்பை பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திடம் சமர்ப்பித்தார். இருவரில் யார் முதலாவது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1780 அளவில் பாரிஸில் பிரெகே செல்வந்தர்களுக்காக இந்த வகையில் சில மணிக்கூடுகள் செய்தார். அத்தோடு கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. காரணம் எளிது. பொக்கெட்டில் கிடக்கும் பொருளுக்கு அசைவு குறைவு. முறுக்கும் திறப்பு ஒன்று சட்டைப்பைக்குள் கிடந்தால் போதும் என்று மக்கள் இருந்துவிட்டார்கள்.

இடையில் ஒரு விஷயம். இந்த மாதிரிப் பதிவு போட்டால் "இதையும் முஸ்லிம்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்" என்று யாராவது எழுதுவார்கள். இல்லை. இதை நாம் கண்டுபிடிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய அறிஞர் தகியுத்தீன் ஸ்பிரிங்கால் ஓடும் கடிகாரங்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இஸ்தான்புல்லில் அவரது வானாய்வு நிலையம் 1577இல் வேலை தொடங்கி, 1580இல் அரச கட்டளைப்படி இடிக்கப்பட்டது. நமது பெருமையையும் நமது இழப்பையும் அந்த ஓர் இடத்திலேயே படிக்கலாம். மற்றவர்களின் பெயரை அழித்து நமது பெயரை எழுதத் தேவையில்லை.

சரி, கைக்கு வருவோம். முதலாம் உலக யுத்தத்தில் பங்கருக்குள் கிடந்த படையினருக்கு பொக்கெட்டில் கைவிட்டு நேரம் பார்க்க வசதியில்லை. மணிக்கூடு மணிக்கட்டுக்கு ஏறியது. ஏறியதும் புதிய தலையிடி வந்தது. தூசி, வியர்வை, சேறு. தினமும் முறுக்குவதற்காக உடலில் ஒரு துளை வேண்டும். அந்தத் துளை வழியேதான் குமிழின் தண்டு உள்ளே போகிறது, அதன் வழியேதான் அழுக்கும் போகிறது.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள மான் தீவில் மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்த ஜோன் ஹார்வூட் இதைக் கவனித்தார். திருத்த வரும் மணிக்கூடுகளின் உள்ளே அழுக்கு சேர்வதற்கு அந்தக் குமிழ்தான் வாசல் என்று கண்டு, வாசலையே மூடிவிடத் தீர்மானித்தார். சீசோவில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு. 1924இல் சுவிட்சர்லாந்தில் அவருக்கு காப்புரிமை கிடைத்தது. உள்ளே ஒரு பாரம் இரண்டு பக்கமும் இடித்து இடித்துத் திரும்பும், அந்த அசைவில் ஸ்பிரிங் முறுகும். வெளியே குமிழே இல்லை. முள்ளைத் திருப்ப, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருக வேண்டும். முழுதாக முறுகினாலும் ஏறத்தாழ 12 மணித்தியாலம்தான் ஓடும். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவரது கம்பனியும் விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஒட்டோமெட்டிக் என்பது சோம்பேறிகளுக்காக வந்ததென்று நாம் நினைக்கிறோம். ஹார்வூட்டின் கவலை அதுவல்ல. இயந்திரத்துக்குள் அழுக்குப் போகக் கூடாது, தேவையற்ற தேய்மானம் வரக் கூடாது என்பதுதான் அவரது கவலை. தேய்மானத்தைக் குறைக்கப் பிறந்த பொருளை, தேய்மானத்தைக் கூட்டும் பெட்டிக்குள் வைக்கிறோம்.

அதன் பிறகு வேகம். 1931இல் ரோலெக்ஸ், இடித்துத் திரும்பாமல் முழுவட்டமும் சுழலும் அரைவட்டத் தகட்டைக் கொண்டு வந்தது. இன்று ரோட்டர் என்று நாம் சொல்வது அதைத்தான். 1942இல் ஃபெல்ஸா, எந்தப் பக்கம் சுழன்றாலும் முறுகும்படி செய்தது. 1948இல் எட்டர்னா அந்த ரோட்டரை ஐந்து சிறிய போல்களின் மேல் ஓடவிட்டது. அந்த ஐந்து புள்ளிகள் இன்றும் அந்தக் கம்பனியின் சின்னம்.

இதற்கெல்லாம் முன்பே, 1863இல் அட்ரியன் ஃபிலிப் ஒரு முக்கியமான வேலையைச் செய்துவிட்டிருந்தார். ஸ்பிரிங்கின் வெளி நுனியை அதன் டப்பாவோடு பூட்டாமல், சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும்படி விட்டார். முழுதாக முறுகியதும் அது வழுக்கிவிடும், அறுந்து போகாது. இன்றைய எல்லா ஒட்டோமெட்டிக்கிலும் இந்த வழுக்கல்தான் காவல். ஆகவே பெட்டிக்குள் சுழன்றால் "ஓவராக முறுகி ஸ்பிரிங் உடையும்" என்று பயப்பட வேண்டாம். ஆனால் வழுக்கும்போது டப்பாவின் சுவரை உரசிக்கொண்டுதான் வழுக்கும். அதற்கென்று அங்கே விசேடமான ஒரு கிறீஸ் பூசியிருப்பார்கள். முழுதாக முறுகிய மணிக்கூட்டை மேலும் மேலும் சுழற்றுவது, அந்தக் கிறீஸைத் தேய்த்துத் தள்ளும் வேலை.

இனி ஜப்பான். சீக்கோவின் முதல் ஒட்டோமெட்டிக் 1956இல் வந்தது. 1959இல் அவர்கள் செய்த ஒன்றுதான் நமது கதைக்கு முக்கியம். சுவிஸ்காரர்கள் பல பற்சில்லுகளை வைத்துச் செய்த வேலையை, இரண்டு கரங்கள் உள்ள ஒரே ஒரு நெம்பினால் செய்தார்கள். ரோட்டர் எப்பக்கம் திரும்பினாலும் ஒரு கரம் சில்லை இழுக்கும், மற்றது தள்ளும். மெஜிக் லீவர் என்று பெயர் வைத்தார்கள். பாகம் குறைவு, விலை குறைவு, பழுதும் குறைவு. 1963இல் வந்த சீக்கோ ஃபைவ் சாதாரண சம்பளக்காரனுக்கும் ஒட்டோமெட்டிக்கைக் கொடுத்தது. அதன் குமிழ் நான்கு மணிப் பக்கத்தில் பாதி புதைந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அடிக்கடி தொடத் தேவையில்லை என்பதே அதன் பொருள். நம் வீடுகளில் கிடக்கும் பலவற்றைக் குமிழால் முறுக்கவே முடியாது.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. 1977இல் இங்கே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு நமது ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் திரும்பும்போது என்ன கொண்டு வந்தார்கள் என்று நமது மூத்தவர்களிடம் கேளுங்கள். கெஸட் ரேடியோ, போர்வை, அத்தர், தொழுகை விரிப்பு, கையில் சீக்கோ. கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறி மாறிக் காட்டும் சீக்கோவைக் கண்டால் அது வளைகுடாச் சந்தைக்கென்றே செய்யப்பட்டது என்று அறியலாம்.

அந்த மணிக்கூடுகள் ஏன் அவ்வளவு காலம் உழைத்தன? வாப்பாமார் அதைக் கழற்றவே இல்லை. பாரம் தூக்கிய கை, வண்டி ஓட்டிய கை. நாள் முழுக்க ரோட்டர் சுழன்றது, இரவில் ஓய்ந்தது. ஒரே ஒரு மணிக்கூடு, ஒரே ஒரு மனிதன். பெட்டி எதற்கு?

அப்படியானால் இந்தப் பெட்டி யாருக்காக வந்தது? மணிக்கூடு திருத்துபவர்களும் தொழிற்சாலைகளும், ஒட்டோமெட்டிக் பகுதி ஒழுங்காக முறுக்குகிறதா என்று பரிசோதிக்க இப்படியான சுழலும் இயந்திரங்களை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தது, பல மணிக்கூடு வைத்திருக்கும் பணக்காரச் சேகரிப்பாளர்கள் பெருகிய பிறகு. அவர்களுக்கு அதில் உண்மையான தேவை ஒன்றும் இருந்தது. 1962இல் பட்டேக் ஃபிலிப் ஓர் ஒட்டோமெட்டிக் கைமணிக்கூட்டை வெளியிட்டது. எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எது லீப் வருடம் எல்லாம் அதற்குத் தெரியும். 1985இல் ஐ.டபிள்யூ.சி. செய்தது 2499 வரை வருடத்தைக் காட்டும். இப்படியானது நின்றுவிட்டால் திகதி, கிழமை, மாதம், லீப் வருடம், பிறையின் வடிவம் எல்லாவற்றையும் திரும்பச் சரிப்படுத்துவது பெரும்பாடு. அதற்குப் பெட்டி நியாயம்.

நம்மவர்கள் அறிய வேண்டிய ஒன்று: 2020இல் பார்மிஜியானி என்ற சுவிஸ் கம்பனி ஹிஜ்ரி நாட்காட்டியைக் காட்டும் கைமணிக்கூட்டைச் செய்தது. 30 வருடச் சுற்றில் 11 வருடங்களுக்கு 355 நாள், மீதிக்கு 354 நாள் என்ற பழைய கணக்கைப் பற்சில்லுகளில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அபாரமான வேலை. ஆனால் பிறை கண்ட செய்தி வரும்வரை நோன்பா பெருநாளா என்று நாம் காத்திருக்கும் இரவில் அந்தப் பற்சில்லுகளுக்கு வேலையில்லை!

இனி உங்கள் அலுமாரிக்கு வருவோம். கிழமையும் திகதியும் மட்டும் காட்டும் மணிக்கூடு நின்றால், திரும்பச் சரிப்படுத்த ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள். வழக்கமான சீக்கோ ஃபைவ் ஒரு மணித்தியாலத்தில் 21,600 தடவை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 518,400. பெட்டிக்குள் நிற்காமல் ஒரு வருடம் ஓடினால் ஏறத்தாழ 18 கோடியே 92 இலட்சம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் தலைமுடியளவு மெல்லிய அச்சு நுனிகள் உரசுகின்றன. நடுவில் இருப்பது ஒரு பொட்டு எண்ணெய். அந்த எண்ணெய் கடைசியாக எப்போது போட்டது? வாப்பா ரியாத்தில் இருந்தபோதா?

"ஓடாமல் கிடந்தால் எண்ணெய் இறுகிவிடும், ஓடவிட்டால்தான் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் மணிக்கூட்டு எண்ணெய் கடற்பன்றியின் தாடையிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் வில்லியம் நை என்பவர் இதைப் பெரிய வியாபாரமாகவே நடத்தினார். அப்படியான எண்ணெய்கள் காலப்போக்கில் பிசினாகும். ஆனால் காற்றும் காலமும் சேர்ந்து அதைப் பிசினாக்குகின்றன. மணிக்கூடு ஓடினாலும் ஆகும், நின்றாலும் ஆகும். இன்றைய செயற்கை எண்ணெய் அவ்வளவு இலகுவில் இறுகாது. எந்த எண்ணெயானாலும் காய்ந்த பிறகு ஓடவிட்டால் உலோகம் உலோகத்தை அரைக்கும். எண்ணெய் இல்லாத மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்தால் துரு மட்டும் பயம். ஸ்டார்ட் பண்ணி முற்றத்தில் இரவு பகலாக ஓடவிட்டால் என்னாகும்? நின்றிருக்கும் மணிக்கூடு தேய்வதில்லை. பழைய இயந்திரங்களுக்கு உதிரிப்பாகமும் இன்னொரு பழைய மணிக்கூட்டைப் பிரித்துத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது.

நியாயமாகச் சொல்வதென்றால் மறுபக்கமும் உண்டு. திருகி மூடும் குமிழ் உள்ள மணிக்கூட்டை வாரத்தில் நாலு தடவை திறந்து சரிப்படுத்தினால் அதன் மரையும் தேயும். புதிதாக எண்ணெய் போட்டு நல்ல நிலையில் உள்ள இரண்டு மூன்று மணிக்கூட்டை மாறி மாறிக் கட்டுபவர், வசதிக்காகப் பெட்டி வாங்கினால் ஹராமாகிவிடாது. வாங்குபவர் சிலதைப் பார்த்து வாங்கட்டும். நிற்காமல் சுழலும் மலிவுப் பெட்டி வேண்டாம். கொஞ்சம் சுழன்று நெடுநேரம் ஓய்வதாகவும், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று நாமே தீர்மானிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 650 சுற்று அளவில் போதும். மெஜிக் லீவர் உள்ள சீக்கோ இரண்டு பக்கமும் முறுகும், ஆகவே பக்கம் பற்றிய கவலையில்லை. ஆனால் 7750 என்ற பிரபலமான சுவிஸ் குரோனோகிராஃப் இயந்திரம் ஒரு பக்கம் மட்டுமே முறுகும். மற்றப் பக்கம் எவ்வளவு சுழற்றினாலும் வீண். எதுவானாலும் மிகக் குறைந்த எண்ணிக்கையில் தொடங்குங்கள். மூன்று நாள் கழித்தும் நிற்காமல் சரியான நேரம் காட்டினால் அந்த எண்ணிக்கையே போதும், கூட்ட வேண்டாம்.

மோட்டாரில் காந்தம் இருக்கிறது. மலிவுப் பெட்டியில் அதற்கு மறைப்புச் சரியாக இருக்காது. பெட்டியில் வைத்த பிறகு மணிக்கூடு திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் உள்ளே காந்தம் ஏறியிருக்கலாம். ஒரு சின்ன திசையறி கருவியைக் கிட்டப் பிடியுங்கள், ஊசி ஆடினால் சந்தேகம் வலுக்கும். திருத்துபவர் இரண்டு நிமிடத்தில் காந்தத்தை நீக்கிவிடுவார்.

பழையதை எழுப்பும் முறை இது. முதலில் திருத்துபவரிடம் கொடுத்துக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் றப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். நாற்பது வருட வளையத்தோடு வுழூ செய்தால் தண்ணீர் நேரே உள்ளே போகும். கவரைப் பொலிஷ் பண்ண விடாதீர்கள், முகத்தை மாற்ற விடாதீர்கள். அந்தக் கீறல்கள் வாப்பாவுடையவை. வீட்டுக்கு வந்ததும் அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிவிட்டுக் கையில் கட்டுங்கள், மீதியை உங்கள் நடை முறுக்கும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் திகதியைக் கையால் மாற்றாதீர்கள். அந்நேரம் திகதிச் சில்லு ஏற்கனவே மாறும் வேலையில் இருக்கும், பல் உடையலாம். பெருநாளுக்கும் ஜும்ஆவுக்கும் கட்டி, மற்ற நாளில் நிற்க விடுங்கள்.

திருத்தக் கொடுக்குமுன் பின்மூடியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 7009, 6309 என்பது போல நான்கு இலக்கத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும், அது இயந்திரத்தின் வகை. இன்னொன்று ஆறு இலக்கத் தொடர் எண். 1960களின் பிற்பகுதிக்குப் பின் வந்தவற்றில் அதன் முதல் இலக்கம் செய்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபருக்குப் பூச்சியம் அல்லது ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்து. 2ம் என்னும் இருந்தால் 1972, 1982 அல்லது 1992 நவம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திர வகையை வைத்தும், வாப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்தும் பிடிக்கலாம். பாஸ்போர்ட்டும் அந்த அலுமாரியில்தான் எங்காவது இருக்கும், உம்மாவிடம் கேளுங்கள்.